சீக்கிரம் இறங்கிய காய்ச்சல்

சென்ற மழைக்காலத்தில் என் கணவர் வைரஸ் காய்ச்சலிலும் இருமலிலும் படுத்துவிட்டார். அவரைப் பார்க்க காரிமங்கலத்திலிருந்து வந்த என் நாத்தனார், சந்தையில் வாங்கிய ஒரு பொடியைக் கொடுத்தார்.

"மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட்டாம் அண்ணி. நுரையீரல்ல இருக்கற வைரஸையே கொன்னுருமாம்."

வெந்நீரில் கலக்கிக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் சந்தேகம். இலைப்பொடி இவ்வளவு வேகமாகவா வேலை செய்யும்? தட்டில் கொட்டிப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே வெள்ளைத் துகள்கள் தெரிந்தன.

மறுநாள் காலை குளியலறை வரை போய்வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"அதான் காய்ச்சல் வுட்டுருச்சே, ஆஸ்பத்திரி எதுக்கு, சும்மா இரு" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. அவரையும் பொடியையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்த டாக்டர் உடனே ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார்.

"நிமோனியா ஆயிருச்சுங்கம்மா. இந்தப் பொடியில காய்ச்சல் மாத்திரைய அரைச்சுக் கலந்திருப்பாங்க போல. சூடு தெரியாம மறைச்சிருச்சு. செடிச் சத்த வெச்சு ஆராய்ச்சி நடக்கறது நெசந்தான். அதுக்காகச் சந்தையில விக்கறதெல்லாம் மருந்தாயிருங்களா?"

ஆறாம் நாள் அவர் வீடு திரும்பினார்.

இப்போதெல்லாம் தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் இல்லாத பொடியை அடுப்படிக்குள்ளேயே விடுவதில்லை. யாருக்காவது காய்ச்சல் சட்டென்று இறங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணுகிறேன்.

– ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி