அக்கா சொன்ன ஒரே ஒரு 'வேண்டாம்'

நேற்று ஆட்டோவில், தன்னை மறுத்த பெண்ணைச் சபிக்கும் புதுப்பாட்டு ஒன்று ஓடியது. என் மகள் தாளம் போட்டாள். நான் முறைத்ததும், "பாட்டுத்தானேம்மா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீடு மைக்செட் கடை. என் அக்கா வசந்தா கல்லூரிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கடைக்காரன் சேகர் குழாய் ஸ்பீக்கரில் காதல் பாட்டு போடுவான். ஒருநாள் கடிதம் நீட்டினான். அக்கா வேண்டாம் என்றாள். மறுநாளிலிருந்து பாவி, துரோகி என்று பெண்ணைத் திட்டும் பாட்டுகளே அலறின. தெருவே சிரித்தது.

"நீ என்னடி பண்ணினே?" என்று அப்பா அக்காவைத்தான் கேட்டார்.

அக்கா நேராகக் கடைக்குப் போனாள். பத்து வயது நான் பின்னாலேயே ஓடினேன்.

"போன வாரம் தேவதைன்னு போட்டீங்க. இந்த வாரம் பாவின்னு போடறீங்க. நடுவுல நான் வேண்டாம்னு சொன்னதைத் தவிர வேற என்னங்க செஞ்சேன்? முதல்ல நிறுத்துங்க."

சேகர் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினான்.

கடை வாசலில் நின்று வாயாடினாள் என்று அந்த வாரமே அப்பா அக்காவின் படிப்பை நிறுத்தினார். எனக்கு இன்றும் ஆறவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி அப்பாவும் போகவில்லை. அந்தத் தெருவில் வேறு ஒருவரும் போகவில்லை.