மகளைப் பங்கு கேட்ட ஊர்

ரத்தப் பரிசோதனை என்றால் அந்த ஊருக்கு ஊசியக்காதான். அறிக்கையில் கையெழுத்துப் போடுவது மருத்துவர். நரம்பைக் கண்டுபிடிப்பது அவள். முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "நேத்து என்ன படம் பார்த்தீங்க?" என்பாள். பதில் வருவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். அவளுக்கும் தண்ணி காட்டிய நரம்பு ஒன்று உண்டு. அது அவள் பெற்ற மகளுடையது. மடிப்பில் எவ்வளவு தேடினாலும் சிக்காது. இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கையை லேசாகத் திருப்பினால் மட்டும் எட்டிப்பார்க்கும். இது உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்பதில் ஊசியக்காவுக்கு ஒரு கர்வம்.

மகள் கால்நடை மருத்துவம் படிக்க வேறு மாநிலம் போனாள். எல்லை தாண்டினாலும் தமிழ் புழங்கும் ஊர்தான். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தாள். அன்றிலிருந்து தொலைபேசியில் மூச்சுக்கு மூச்சு "அத்தை". அத்தை துணி காயப்போட்டார்கள், அத்தை குடை கொடுத்தார்கள்.

"எந்த அத்தைடி? உங்கப்பா கூடப் பிறந்தவளையே நீ வாய் நிறைய அத்தைன்னு கூப்பிட்டதில்லையே!"

"வீட்டுக்காரம்மாதாம்மா. பேர் சொல்லியா கூப்பிட முடியும்?"

"அம்மான்னு கூப்பிடாத வரைக்கும் சரி."

மகள் சிரித்தாள். ஊசியக்காவுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த எரிச்சல் தேர்தலோடு வந்தது. மகள் ஊருக்கு வந்து ஓட்டுப் போட, ஊசியக்கா ரயிலுக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டாள். போன தேர்தலில் அம்மாவும் மகளும் ஒன்றாக வரிசையில் நின்று, மகள் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்த ஞாபகம் அவளுக்கு. மகளோ, "டிக்கெட்டை ரத்து பண்ணும்மா. ஓட்டை இங்க மாத்திக்கிட்டேன்" என்றாள். ஊசியக்கா இரண்டு நாள் கணவனிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஊரே உன்கிட்ட ரத்தம் குடுக்குது. பொண்ணு ஒரு ஓட்டு குடுக்கலைன்னா இப்படியா?" என்றார் அவர்.

"ஓட்டா போச்சு? பிள்ளையே போச்சு. உங்களுக்கு எங்க புரியப் போகுது."

பிறகு ஒரு நாள் மகளே அழைத்தாள், குரலில் பதற்றம். அந்தத் தெருவில் மரக்கடை வைத்திருப்பவர், வெளிமாநில மாணவர்களின் பெயர்களையெல்லாம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார். இவர்கள் வீடு பெற்றோர் இருக்கும் இடம்தான், இங்கே தங்கல் மட்டுமே என்பது அவர் வாதம். விசாரணைக்குப் பெற்றோரும் வரலாமாம். "நீ வந்து, நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. போதும்."

ஊசியக்கா உடனே கிளம்பினாள். எந்த வார்த்தையைச் சொல்வது என்று மட்டும் வழி நெடுக முடிவு செய்யவில்லை. 'அவ கட்டில் எங்க வீட்டுல அப்படியே இருக்கு சார்' என்றால் பொய்யில்லையே! பெயர் போகும். ஓட்டு வீடு திரும்பும். பின்னாலேயே பிள்ளையும் திரும்பும்.

தேர்தல் அதிகாரியின் அறையில் மின்விசிறி சத்தம்தான் இருந்தது, காற்று இல்லை. மகளுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்காரம்மா. ஒல்லியான, அலட்டலில்லாத பெண். வெறுப்பதற்கு வசதியாக ஒரு குறையும் தென்படாதது ஊசியக்காவை இன்னும் எரிச்சலாக்கியது.

முதலில் மரக்கடைக்காரர் பேசினார். "ரெண்டு வருஷத்துல மூட்டையைக் கட்டிருவாங்க சார். இவங்க தேர்ந்தெடுத்த ஆளோட மாரடிக்கிறது நாங்க."

வீட்டுக்காரம்மா எழுந்தார். "போன மழைக்கு நம்ம தெருவில குடிதண்ணிக் குழாயில சாக்கடை கலந்துச்சே, ஞாபகம் இருக்கா அண்ணே? இந்தப் பொண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்து, நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்."

ஊசியக்கா விருட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். "காமாலையா? என்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீ பயந்துருவேன்னுதாம்மா..."

"ரத்தம் எடுத்தாங்களா? எங்க எடுத்தாங்க?"

மகள் தயங்கி இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "நர்ஸு மடிப்புல குத்திக் குத்திப் பார்த்தாங்க. கையைத் திருப்பினா கிடைக்கும்னு அத்தைதான் சொன்னாங்க. காய்ச்சல்ல நான் உளறியிருக்கேன் போல."

அவ்வளவுதான். ஊசியக்காவின் தனிச்சொத்து போயிற்று. மகளின் கையை வேறொருத்தி திருப்பிப் பிடித்திருக்கிறாள், வேறொருத்தி குத்தியிருக்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க மகள் எங்க வசிக்கிறாங்க?" என்றார் அதிகாரி.

கட்டில் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. மரக்கடைக்காரர் ஆவலோடு தலையாட்டினார். "சொல்லுங்கம்மா. பெத்தவங்களுக்குத் தெரியாதா, பிள்ளைக்கு எது வீடுன்னு?" அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ஊசியக்காவின் எரிச்சல் தடம் மாறியது.

"உங்களுக்கு மருமக இருக்காங்களா?"

"இருக்கு. எதுக்கு?"

"எந்த ஊரு?"

"பக்கத்து மாநிலம்."

"ஓட்டு?"

"கல்யாணம் ஆனதும் இங்க மாத்தியாச்சு. அவ குடும்பம் நடத்த வந்தவம்மா."

"எனக்கும் அப்படித்தான் மாத்தினாங்க. தாலி ஏறின கையோட. என்னை ஒரு வார்த்தை கேக்கலை, எங்க அம்மாவையும் கேக்கலை, ஒருத்தரும் மனுப் போடலை. புருஷன் பின்னால வந்தா ஊர்க்காரி, புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தா அந்நியமா? தண்ணி உங்க ஊருது, நோவும் உங்க ஊருது. கேள்வியை மட்டும் எங்க ஊருல வந்து கேக்கணுமா?" மூச்சு வாங்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள். "அவ இங்கதான் சார் வசிக்கிறா. அங்க இருக்கிறது ஒரு கட்டில்தான்."

சொல்லி முடித்தபோது, தன் நரம்பில் தானே குத்திக்கொண்டது போல் சுருக்கென்றது. அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்தார். வெளியே வந்ததும் வீட்டுக்காரம்மா அவள் கையைப் பற்றினார். "நல்லாப் பேசினீங்க அண்ணி."

அண்ணியாம்! ஒரே சொல்லில் குடும்பத்துக்குள்ளும் நுழைந்துவிட்டாள். "காமாலைக்கு அப்புறம் எண்ணெய்ப் பண்டம் குடுக்காதீங்க" என்று மட்டும் ஊசியக்கா சொன்னாள்.

"அதெல்லாம் அப்பவே நிறுத்திட்டேன் அண்ணி."

அதிலும் முந்திக்கொண்டாளா!

தேர்தலன்று ஊசியக்கா வரிசையில் தனியாக நின்று ஓட்டுப் போட்டாள். மதியம் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. அதில் மை வைத்த இரண்டு விரல்கள், பின்னால் இரண்டு சிரித்த முகங்கள். ஊசியக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரத்தை நகர்த்தி நகர்த்தி, அத்தையின் முகத்தையும் விரலையும் கச்சிதமாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அலைபேசியின் முகப்பில் வைத்தாள்.

மகளின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. அதை வெட்டினால் மகளின் தோளும் போய்விடும். போனால் போகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.