துரைக்கண்ணு சொன்னால் சொன்னதுதான்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சடையன் டீக்கடை. சித்திரை பிறந்துவிட்டால் அங்கே அரிசி விலை, மழை, அரசியல் எல்லாம் இரண்டாம்பட்சம். இந்த வருஷம் கப்பு யாருக்கு என்பது ஒன்றுதான் பேச்சு. பட்டு முதலாளி தணிகாசலம் வருஷா வருஷம் இசை நாடக விழா நடத்துவார். ஆறு சாயங்காலம் ஆறு ஊர்க் கம்பெனிகளின் நாடகம்; ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சிறந்த நடிகருக்கு வெள்ளிக் கப்பும் பட்டு அங்கவஸ்திரமும். நடுவர்கள் மூன்று பேர் நோட்டும் பென்சிலுமாக முன் வரிசையில் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். ஊர் அவர்களைச் சட்டை செய்ததே இல்லை. ஊர் மதித்தது நெசவாளி துரைக்கண்ணுவை.

1974 முதல் 1982 வரை ஒன்பது வருஷமும் துரைக்கண்ணு யாரைச் சொன்னாரோ அவருக்கே கப்பு போயிற்று. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. சொல்வதும் பொத்தாம்பொதுவாக இருக்காது. இன்னார் இரண்டாம் சீனில் தாளத்தை விட்டான், இன்னார் அழுதபோது வாய்தான் அழுதது, கண் அழவில்லை என்று காரணம் காட்டிச் சொல்வார். தோற்ற நடிகர்கள் மறுநாளே அவரைத் தேடி வந்து, "அண்ணே, எங்கிட்ட இன்னா குறை? சொல்லுங்க, திருத்திக்கறேன்" என்று பவ்யமாகக் கேட்டுப் போவார்கள். சடையன் அவரிடம் டீக்குக் காசு வாங்கியதில்லை. மனுஷன் கொடுத்துவைத்தவர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும்.

விஷயம் இதுதான். அந்த அங்கவஸ்திரத்தின் ஓரத்தில் ஜெயித்தவனின் பெயர் ஜரிகையில் நெய்யப்பட்டிருக்கும். நடுவர் பெயரை வாசித்த மறு நிமிஷமே தணிகாசலம் அதை உதறி விரித்துக் கூட்டத்துக்குக் காட்டுவார். கை தட்டல் அடங்க நேரமாகும். பெயர் நெய்வதென்பது துணி முடிந்தபின் ஊசியால் குத்துகிற வேலையல்ல. கட்டம் போட்ட தாளில் எழுத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, நெய்யும்போதே இழை இழையாக ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துக்கு அரை நாள் பிடிக்கும். அப்படியிருக்க, முடிவு தெரிந்த நிமிஷத்தில் துணி எப்படித் தயாராக இருக்கும்? ஊரில் கேட்டவர்கள் உண்டு. "ஆறு பேர் பேர்லயும் ஆறு துணி நெய்ஞ்சு வெச்சிக்கீறோம். மத்த அஞ்சையும் அப்பறம் பிரிச்சிடுவோம்" என்றார் தணிகாசலம். பட்டிலேயே பிறந்து பட்டிலேயே வளர்ந்த ஊர். ஜரிகை போட்டு நெய்த துணியை எந்தப் பைத்தியக்காரனாவது பிரிப்பானா என்று ஒருத்தராவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. முதலாளியின் தாராள மனசை மெச்சிக்கொண்டு போய்விட்டார்கள்.

நெய்தது ஒரே துணி. நெய்தவர் துரைக்கண்ணு. விழாவுக்குப் பத்து நாள் முன்பே கட்டத் தாள் அவர் கைக்கு வந்துவிடும். முதலாளி எந்த ஊர்க் கடைக்காரரை அந்த வருஷம் வளைக்கப் பார்க்கிறாரோ, அந்தக் கடைக்காரருக்கு வேண்டிய நடிகனின் பெயர் அதில் இருக்கும்.

முதல் வருஷம் வாய் தவறித்தான் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டே சடையன் கேட்டான், இவரும் தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டார். அது பலித்ததும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். துரைக்கண்ணு பயந்துகொண்டே போனார். உட்கார்ந்து நெய்யும் தறி முதலாளியுடையது. குடியிருக்கும் வீடும் முதலாளியுடையது. ஆனால் தணிகாசலம் திட்டவில்லை, சிரித்தார்.

"ஊரே உன்னப் பத்தி பேசிகினு கீது துரை. நல்லதுதான். இனிமே வருஷா வருஷம் சொல்லு. ஆனா மொட்டையா சொல்லாத. எவன் எதுல கோட்ட விட்டான்னு காரணத்தோட சொல்லு. அப்பதான் ஜனம் முடிவ ஒத்துக்கும்."

"பாட்டப் பத்தி எனக்கு இன்னா தெரியும் முதலாளி?"

"ஜனத்துக்கு மட்டும் தெரிஞ்சிதா? வாய்க்கு வந்தத சொல்லு. துணி விஷயம் வெளிய போச்சுன்னு வெச்சிக்க, தறிய வேற ஆளுக்கு மாத்திடுவேன். வீடும் அப்படித்தான்."

அதோடு சரி, துரைக்கண்ணுவுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. ஒரு வருஷம் காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்திப் படுத்தார். டீக்கடைக் கூட்டம் வீட்டுக்கே வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. இன்னொரு வருஷம் வேண்டுமென்றே தப்பான பெயரைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனார். பெஞ்சின் கோடியில் முதலாளியின் ஆள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சரியான பெயரையே சொல்லிவிட்டுத் திரும்பினார். மனைவி குணசுந்தரிக்கு ஒரே துணி என்பது தெரியும். அந்தப் பத்து நாளும் தறி அறைக் கதவைச் சாத்தி வைப்பதே அவள்தான். இது ஊர் நடப்பு, நமக்கேன் வம்பு என்று இருந்தாள். ஆனால் புருஷன் சொல்லும் காரணங்கள் அவர் பார்த்து, கேட்டு, கண்டுபிடித்த காரணங்கள் என்றே நம்பினாள். துரைக்கண்ணுவும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. வீட்டுக்குள்ளாவது கொஞ்சம் மரியாதை இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார்.

1979-ல் அவளுடைய தம்பி வேலு விழா மேடை ஏறினான். படவேட்டில் மணிலாக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவன். ஆர்மோனியக்காரர் பெரியநாயகம் அவன் குரலைக் கேட்டுவிட்டுத் தன் கம்பெனிக்கு இழுத்து வந்திருந்தார். பெரியநாயகம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிப்பார், மற்ற நாளெல்லாம் நாடகத்துக்கு வாசிப்பார். சுருதி விஷயத்தில் யாருக்கும் பயப்படாதவர். மகனைப் பறிகொடுத்த ராஜா புலம்பும் பாட்டை வேலு ஐந்து கட்டையில் எடுத்தான். அவ்வளவு உச்சமான சுருதியில் மைக் இல்லாமலே குரல் கொட்டகைக்கு வெளியே போயிற்று. கடைசி வரிசையில் முறுக்கு விற்றவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றான். துரைக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தறியில் நெய்திருந்த பெயர் வேறு ஒருவனுடையது.

மறுநாள் டீக்கடையில், "மச்சான்னு பாக்காம சொல்லுண்ணே, வேலு எப்படி?" என்று கேட்டான் சடையன். முதலாளியின் ஆளும் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"குரல் கீது. ஆனா அஞ்சு கட்டையில கத்தறான். துக்கம்னா அப்படியா கத்தும்? மூணரைக்கு எறக்கினாதான் கப்பு கெடைக்கும்" என்றார் துரைக்கண்ணு.

வாய்க்கு வந்த பேச்சு அது. வேலு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். "உன் குரலே மேலதாண்டா கீது, கீழ இன்னாத்த தேடப் போற?" என்று பெரியநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா சொன்னது என்னிக்குத் தப்பாப் போச்சு?" என்று வேலு மூன்றரைக்கு இறங்கினான். அக்காவும் அதையே சொல்லிச் சொல்லி அவனை இறக்கினாள். 1980-லும் கப்பு இல்லை. கை ரொம்ப ஆடுகிறது என்றார் துரைக்கண்ணு. வேலு கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டான். 1981-ல் கண்ணைச் சொன்னார். 1982-ல் நடையைச் சொன்னார். 1983-ல் மேடையில் நின்றவன் குரலை ஏற்றாத, கையை வீசாத, கண்ணை உயர்த்தாத ஒரு ராஜா. அவனிடம் குறை ஒன்றும் சொல்ல முடியாது. உட்கார்ந்து பார்க்கவும் முடியாது. அன்று ஜனம் பாதி நாடகத்தில் எழுந்து டீ குடிக்கப் போனது. துரைக்கண்ணு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். இவனை இப்படி ஆக்கியது நான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலு கையில் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான். கல்யாணமாகி ஒரு குழந்தையும் ஆகியிருந்தது. நின்றபடியே பேசினான்.

"ஒரே வார்த்த சொல்லுங்க மாமா. தேசூர் ரைஸ் மில்லுல மாமனாரு எனக்கு எடம் சொல்லி வெச்சிகீறாரு. இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள போய் சேரணும், இல்லன்னா வேற ஆள வெச்சிடுவாங்க. பெரியநாயகம் அண்ணன் வந்தவாசி பக்கம் நாப்பது நாடகம் ஒத்துக்கினு கூப்படறாரு. எனக்கு பாட்டு உண்டுன்னா அவரோட போறேன். இல்லன்னா பத்து மணி பஸ்ஸுக்கு மில்லுக்குப் போயிடறேன். இன்னிக்கு கப்பு எனக்கா?"

குணசுந்தரி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நெசத்த சொல்லிடுங்க. பாவம், இன்னும் எத்தினி வருஷம் அலைவான்" என்றாள்.

துரைக்கண்ணுவுக்கு வீடு போகட்டும், தறி போகட்டும் என்று ஒரு வேகம் வந்தது. வேலுவின் கையைப் பிடித்துத் தறி அறைக்குள் இழுத்துப் போனார். தறியில் அங்கவஸ்திரம் இருந்தது. அறுத்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஓரத்தில் ஜரிகையில் பச்சையப்பன் என்று பெயர் மினுங்கியது. பச்சையப்பன் வேலூர் ஜவுளிக்கடைக்காரரின் மருமகன். ஐந்தாம் நாள் நாடகத்தில் வசனத்தை மூன்று இடத்தில் மறந்தவன்.

"பாத்துக்க. ஒரே துணிதான். பத்து நாளைக்கு முன்னயே பேரு வந்துடும், நான் நெய்வேன், அதையே கடையில போய் சொல்வேன். ஒம்போது வருஷமும் இதான் நடந்திச்சு. எனக்கு பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது. உன்னப் பத்தி சொன்னது அத்தினியும் பொய்யி. உன் அஞ்சு கட்டை மாதிரி ஒரு குரல நான் கேட்டதே இல்லடா. மில்லுக்குப் போவாத. பெரியநாயகத்தோட போ. மேல ஏத்திப் பாடு."

வேலு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். விரலால் ஜரிகையைத் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தவனின் முகத்தில் கோபம் இல்லை, பக்தி இருந்தது.

"அப்ப முதலாளியே உங்களக் கேட்டுத்தான் பேரு போடறாரா மாமா?"

"இல்லடா, அவரு குடுக்கறத நான்..."

"பின்ன எப்படி? நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னயே இவன்தான்னு தெரியாம எவனாவது ஜரிகையில கை வெப்பானா? நெய்ஞ்ச பேர ஒம்போது வருஷமும் நடுவருங்க அப்படியே சொல்லிகீறாங்களே. நாங்கல்லாம் நாடகம் பாத்துட்டுதான் நீங்க சொல்றீங்கன்னு நெனச்சிகினு இருந்தோம். நீங்க பாக்காமயே சொல்ற ஆளு." அவன் குனிந்து அவர் காலைத் தொட்டான். "நான் மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு உங்கள நீங்களே தாழ்த்திக்கறீங்க. போதும் மாமா. நாலு வருஷம் எனக்கு எடுத்துச் சொன்னீங்களே, அதுவே பெரிசு. நான் தேசூருக்குப் போறேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். துரைக்கண்ணு சட்டைகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். பஸ் ஸ்டாண்டில் தேசூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. வேலு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் அன்று ஊரே கூடியிருந்தது; முதலாளியின் ஆளும் இருந்தான். எது ஆனாலும் ஆகட்டும் என்று துரைக்கண்ணு நடுரோட்டில் நின்று கத்தினார்.

"பச்சையப்பன் பேரு நெய்ஞ்சாச்சு! ஒரே துணிதான் நெய்யறது! நடுவரு, மார்க்கு எல்லாம் டகல்! நான் சொன்னது ஒண்ணும் நெசமில்ல, என் மச்சான எறங்கச் சொல்லுங்கடா!"

முதலாளியின் ஆள் பீடியைக் கீழே போட்டான். பிறகு சடையன் சிரித்துவிட்டான். "பச்சையப்பனாம்பா! கேட்டுக்கினீங்களா? மச்சானுக்குக் கெடைக்கலன்ற பேஜார்லயும் பேர மாத்திச் சொல்ல மனசு வரல பாரு அண்ணனுக்கு!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளியின் ஆளும் சேர்ந்து சிரித்தான். யாரோ துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தி, ஒரு ஸ்ட்ராங் டீ சொன்னார்கள். பஸ் கிளம்பிற்று. வேலு ஜன்னல் வழியாக இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

சாயங்காலம் நடுவர் பச்சையப்பன் பெயரை வாசித்தார். தணிகாசலம் துணியை உதறி விரித்தார். கூட்டம் பச்சையப்பனைப் பார்க்கவில்லை. திரும்பித் துரைக்கண்ணுவைப் பார்த்துக் கை தட்டியது. பத்தாவது வருஷம். தணிகாசலமும் மேடையிலிருந்தே அவரைப் பார்த்துத் தலையாட்டினார். வீடும் போகவில்லை, தறியும் போகவில்லை.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. குணசுந்தரி அடுப்பெதிரில் உட்கார்ந்திருந்தாள். காலையில் தறி அறையில் அவர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

"துணி விஷயம் எனக்குத் தெரியும். அந்த அஞ்சு கட்டை பேச்சுமா பொய்யி?" என்றாள்.

"ஆமா."

"கையி, கண்ணு, நடை?"

"எல்லாந்தான்."

அவள் அழவில்லை. "அவன் பாடும்போதெல்லாம் எறக்குடா, எறக்குடான்னு பக்கத்துல உக்காந்து சொன்னவ நானு" என்றாள். பானையை இறக்கி வைத்துவிட்டு, "நீங்க சொன்னத அவன் நம்பல. ஊரும் நம்பல. நான் நம்பறேன். அதாங்க எனக்குத் தாங்கல" என்றாள்.

சோற்றைப் போட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். தண்ணீர் சொம்பையும் வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.