குடையாத வயிறு

அந்தக் குரங்கைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, உள்ளே குடையவில்லை. 1950களின் கடைசியில், தென்காசியில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை அடுக்குவது என் வேலை. ஈர மண்ணில் உருவம் பிடித்து, அடியில் அறுத்து, வயிற்றுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தெடுத்த பிறகுதான் சுட வேண்டும். குடையாமல் சுட்டால் வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நொறுக்கிவிடும். "வயித்துல கனம் இருந்தா சூளை தாங்காதுலே" என்று எங்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவர் உருவம் பிடிக்கிற அண்ணாச்சி. அந்தக் குரங்கை என் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களுக்குப் பல்லைக் காட்டுகிற குரங்கு வேண்டும். இன்றும் அதைத்தான் என் பேரப்பிள்ளைகள் வாங்கி வருகிறார்கள். அண்ணாச்சி செய்த இந்தக் குரங்கு பல்லைக் காட்டவில்லை. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருந்தது. அந்த முகத்தில் இருந்த களைப்பை நான் மனிதர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணாச்சிக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. அவர் அழவில்லை, மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். "பிள்ளைய மண்ணுல வச்சிட்டு மறுநாளே மண்ணு மிதிக்கப் போன மனுசன்கூட இருக்கமாட்டேன்" என்று அவர் மனைவி, எங்களுக்கு மதினி, கடையத்தில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை கூப்பிடப் போயும் அண்ணாச்சிக்கு வாயில் பேச்சு வரவில்லை. பேச்சுக்குப் பதிலாக இந்தக் குரங்கைக் கொண்டுபோகப் போகிறார் என்பது பட்டறைக்கே தெரியும்.

"கனமா இருக்கே, அண்ணாச்சி" என்றேன்.

"வையிலே" என்றார்.

வைத்தேன். ஏன் வைத்தேன் என்று யோசித்து யோசித்து இந்த வயதில் எனக்கே அலுத்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். சூளையைப் பிரித்தபோது குரங்கு வெடித்துக் கிடந்தது. அதைச் சுற்றி அடுக்கிய மான், நாய், முயல் எதுவும் உருப்படியாக இல்லை. முதலாளி ஏசித் தீர்த்தார். அண்ணாச்சி குனிந்து குரங்கின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடையம் போனார். கையில் ஒரு துணிப்பை, அதில் உடைந்த துண்டுகள். மதினியும் மண் வேலை செய்கிற வீட்டுப் பெண். ஒரு துண்டை எடுத்தவள் அதன் தடிமனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஏன் குடையல?"

"அந்த வயித்துல கம்பிய விட எனக்குக் கை போகலட்டி" என்றார் அண்ணாச்சி.

மதினி துண்டைப் பையில் திரும்பப் போட்டாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் அண்ணாச்சி அழ ஆரம்பித்தார். ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மதினி முந்தானையை அவர் கையில் கொடுத்தாள்.

"தென்காசி வாரதுக்குள்ள அழுது முடிச்சிருங்க" என்றாள். "அங்கன எறங்குனா எனக்கு அழணும்."