பால்கனியில் எடுத்த படம்

என் பேத்தி பெரியவளான செய்தி, அவளுடைய அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே தாராவியில் ஒரு சந்து முழுவதற்கும் தெரிந்துவிட்டது. தெரிவித்தவன் நான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிவித்தேன்.

போன வருடம், மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. மனைவி போனதிலிருந்து நான் திலக் நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு வங்கி வேலை, அன்று விடுமுறை இல்லை. மருமகன், பேத்தியின் வாயில் 'பாபா', வேலை பார்ப்பது புனேயில். வீட்டில் நானும் பேத்தியும் மட்டும். பல்லுக்குப் புதிதாகக் கம்பி போட்டிருந்தாள். அதைக் கேலி செய்துகொண்டே பால்கனியில் வைத்து அவளைப் படம் எடுத்தேன். கையால் வாயை மூடப் பார்த்தாள், அதற்குள் சிரித்துவிட்டாள்.

"டெலீட் பண்ணுங்க தாத்தா. கம்பி கம்பியா தெரியுது."

"பண்ணிட்டேன், போ" என்றேன். பண்ணவில்லை.

மதியம் என் அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் போன், மறு கையால் கதவைப் பிடித்திருந்தாள். மம்மி மீட்டிங்கில் இருக்கிறாள், போன் எடுக்கவில்லை என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். மகள் அவளிடம் முன்பே எல்லாம் பேசி வைத்திருந்தாள், அதனால் பயம் இல்லை. வேண்டிய பொருள் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மெடிக்கலில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது தாத்தா. பாபாகிட்டகூட நானே சொல்லுவேன். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

மருந்துக் கடைக்காரர் பேப்பரில் சுற்றித் தரட்டுமா என்று இந்தியில் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியே கையில் பிடித்தபடி, வாயிலில் காவலாளிக்கு வணக்கம் சொல்லி, லிஃப்டில் ஏறினேன். எனக்கு என் மேலேயே ஒரு பெருமை. அவளிடம் கொடுத்துவிட்டு, காற்று வாங்கப் போகிறேன் என்று மறுபடி கீழே வந்து காம்பவுண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பெருமை அடங்கவில்லை. போனை எடுத்துத் தாராவியில் இருக்கும் என் தம்பியைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஏன் அவனை என்று சொல்ல வேண்டும். என் மகள் பெரியவளானபோது நாங்கள் தாராவியை விட்டுச் செம்பூருக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் எம்.ஏ. படித்தவன் நான் ஒருவன். அலுவலகக் குடியிருப்பு, சுற்றிலும் அதிகாரிகள் வீடு. ஒருநாள் மாலை தம்பியும் அவன் மனைவியும் தட்டு வரிசையோடு வாசலில் வந்து நின்றார்கள். ஒரு தட்டில் பச்சைப் பட்டுத் தாவணி. சடங்கு கழிக்க வந்திருந்தார்கள். எதிர் வீட்டுக் கதவு திறப்பதைப் பார்த்தேன். "படிச்சவன் வீட்ல இதெல்லாம் கிடையாது, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளேகூடக் கூப்பிடவில்லை. பிறகு அதைக் கொள்கை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர் வீட்டுக் கதவுதான் காரணம். அதற்குப் பிறகு தம்பி குடும்பத்தோடு பேச்சு நின்றுபோகவில்லை, ஆனால் அவர்கள் என் வீட்டுப் படியேறியதில்லை.

அதை ஒரே போனில் சரிசெய்துவிடலாம் என்று அந்த பெஞ்சில் தோன்றிவிட்டது.

"அண்ணே, நெசமாவா சொல்லுதிய?" என்றான் தம்பி. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "ஏளா, இங்க வா! நம்ம பேத்தி சமைஞ்சிட்டாளாம்! அண்ணன் போன் பண்ணிச் சொல்லுதாவ!"

அவன் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லை, அதனால் பேத்திக்குத் தாய்மாமன் முறை தம்பி மகனுக்குத்தான். அவன் போனை வாங்கி, "பெரியப்பா, பிள்ள போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தாராவியில் பத்து நாள் இருந்தவனுக்கும் எதற்கென்று தெரியும், நான் பிறந்ததே அங்கே. காலையில் எடுத்த படத்தை அனுப்பினேன்.

மாலையில் மகள் வந்ததும் அம்மாவும் பெண்ணும் அறைக்குள் போய்ப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்கு வருகிறோம் என்று தம்பி வீட்டில் சொல்லியிருந்தார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டிவியைப் போட்டேன்.

காலையில் மணி அடித்ததும் பேத்திதான் போய்க் கதவைத் திறந்தாள். தம்பி மனைவி, அவள் மருமகள், இன்னும் இரண்டு பெண்கள். தட்டுகள், பூ, ஒரு தூக்குச்சட்டியில் உளுந்தங்களி. தம்பி மனைவி என்னைப் பார்த்து, "அத்தான், இந்தத் தடவ உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பதிலுக்குக் காத்திராமல் பேத்தியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ என் ராசாத்தி! தலைக்கு ஊத்துனியா தாயி? பாருங்க, ஒரே நாள்ல மொகம் எப்படி மாறிட்டுன்னு!"

பேத்தி கையை விலக்காமல் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தியில் கேட்டாள்: "மம்மி, நீயா சொன்னே?"

மகள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினேன். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா, நான்தான்" என்றாள் மகள். "சந்தோஷத்துல வாய் தவறிடுச்சு. சாரிடா."

"உன்கிட்ட இனி எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள் பேத்தி, அதுவும் இந்தியில், தாழ்ந்த குரலில், வந்தவர்களுக்கு விளங்காதபடி. அவர்களுக்கு இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லோரும் கேட்காதது போல் இருந்தார்கள். தம்பி மனைவி களியை உருட்டிக் குழி செய்து, நல்லெண்ணெய் ஊற்றி, "இடுப்புக்குப் பலம், முழுங்கு தாயி" என்று ஊட்டினாள். பேத்தி மறுக்காமல் வாய் திறந்தாள். அவள் கோபம் அந்தப் பெண்களிடம் இல்லை. அன்று நான் வாசலில் காட்டாத மரியாதையை, என் மேல் வர வேண்டிய கோபத்தைத் தவறான இடத்தில் வைத்துக்கொண்டு, அவள் காட்டினாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து களி தின்றேன்.

அவர்கள் போன பிறகு அன்று முழுவதும் அவள் அம்மாவிடம் பேசவில்லை. நான்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு ஒரு பகல் முழுவதும் இருந்தது.

சாயங்காலம் போனோடு என்னிடம் வந்தாள். அவள் வகுப்புப் பையன் ஒருவனுடைய வீடு தாராவிப் பக்கம். சந்து முனையில் கட்டியிருந்த பேனரைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தான். கதவு அகலத்துக்கு அவள் முகம், கம்பி போட்ட பல்லோடு சிரிப்பு. கீழே மஞ்சள் நீராட்டு விழா என்று எழுத்து, அதற்கும் கீழே மாமன்மார் படங்கள். அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தக் கஷ்டத்தை அவளுக்கு அந்தப் பையன் வைக்கவில்லை, அர்த்தத்தையும் எழுதியிருந்தான்.

"இது நீங்க பால்கனியில எடுத்தது" என்றாள்.

நான் தலையசைத்தேன்.

"டெலீட் பண்ணிட்டேன்னு சொன்னீங்க."

"நல்லா இருந்துச்சும்மா, அதான்…" என்றேன். எம்.ஏ. படித்தவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"மம்மிய நான் திட்டினேன். நீங்க பாத்துட்டுதான் இருந்தீங்க."

அடுக்களைக்குப் போய் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவளைத் தூங்கவைத்துவிட்டு மகள் என்னிடம் வந்தாள்.

"எதுக்குப்பா?"

தம்பி வீட்டோடு பழைய மனக்கசப்பு தீரட்டும் என்று நினைத்தேன் என்றேன்.

"அன்னைக்கு அந்தப் பச்சைத் தாவணிய நான் ஜன்னல் வழியா பாத்துட்டு நின்னேன். எனக்கு அது வேணும்போல இருந்துச்சு. நீங்க கேக்கல. இவளுக்கு எதுவும் வேண்டாம். இவகிட்டயும் கேக்கல." பிறகு, "பேனரைக் கழட்டச் சொல்லுங்க" என்றாள்.

தம்பியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கு வாசல்லயே நிக்க வச்சிய. இன்னைக்கு நீங்களே கூப்ட்டு, போட்டோவும் குடுத்துட்டு, நீங்களே கழட்டச் சொல்லுதிய. எங்கள என்னன்னு நெனச்சிருக்கிய அண்ணே?"

இப்படிக் கேட்டாலும், பேனரை அப்போதே இறக்கிவிட்டான்.

அந்த வாரம் மகளும் பேத்தியும் தாராவிக்குப் போய்வந்தார்கள். பேத்திதான் போக வேண்டும் என்றாளாம். பேனர் பிடிக்கவில்லை, களி பிடித்தது என்று தம்பி மனைவியிடம் அவளே நேரில் சொன்னாளாம். ராத்திரி சாப்பாடும் அங்கேயே. வரும்போது ஒரு தூக்கில் களி கொண்டுவந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பள்ளியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சில நாள் அவள் போகவில்லை. ஒருநாள் போனாள்.

என்னிடம் இப்போதும் பேசுகிறாள். காபி வேண்டுமா என்று கேட்கிறாள், என் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தருகிறாள். நான் அறைக்குள் வந்தால் போனைக் குப்புற வைக்கிறாள். சில வாரம் கழித்துச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மெடிக்கலுக்கா, நான் போய்வருகிறேனே என்றேன்.

"வேண்டாம் தாத்தா. நானே போறேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்க ஒரு இடம் கிடைத்திருக்கும்.

பால்கனிப் படத்தை அழித்துவிட்டேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. போன தடவையும் அழித்துவிட்டதாகத்தானே சொன்னேன்.