கம்பளிக்குள் வாசித்த வரலாறு

தலவாக்கலையில் பஸ் ஏறிய ஓர் அம்மாவின் கம்பளி மழையில் நனைந்திருந்தது. அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது நான் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த செல்விக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படிக்க ஆசைப்பட்டாள். காதால் கேட்கிற மாதிரிப் புத்தகம் எதுவும் இல்லை, வேறு பாடம் பாருங்கள் என்று துறையில் கைவிரித்துவிட்டார்கள். நேரே என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, புத்தகம் இங்கதான இருக்கு? எப்படியாவது செஞ்சு குடுங்கக்கா. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

நானும் லிந்துலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளைதான். எங்கள் ஆட்கள் கும்பிட்டுக் கேட்பதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நூலகர் முன்னால் போய் நின்றேன். வெளியே கொடுக்கக் கூடாத அந்த உசாத்துணை நூலை, விடுமுறைக்கு வீட்டுக்கு வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

வீட்டில் கைப்பேசியைப் பதிவில் போட்டுச் சத்தமாக வாசித்தால், தகரக் கூரையில் மழை. பதிவில் என் குரலைக் காணோம், மழைதான் வரலாறு சொன்னது. அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து கழற்றிப்போட்ட கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். ஈர வாடையில் மூச்சு முட்டியது.

“ஏன்டி, கம்பளிக்குள்ள யாரோட பேசிக்கிட்டிருக்க?” என்றார் அம்மா. லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்தவர்கள் எனக்குக் காய்ச்சல் என்றே முடிவுகட்டி, கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார்கள். அதையும் குடித்துவிட்டு வாசித்தேன்.

பதிவைப் பெருமையாகக் கொண்டுபோய்ச் செல்வியிடம் கொடுத்தேன். சில நாளில் திரும்பி வந்தாள்.

“நல்லா வாசிச்சிருக்கீங்கக்கா. ஆனா பக்கம் மாறுறதச் சொல்லவே இல்லையே. எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தேன்னு கட்டுரையில எப்படிக் காட்டுவேன்?”

“கத கேக்குற மாதிரி கேட்டாப் போதாதாம்மா?”

“கத கேக்க நான் கெம்பஸ் வரலக்கா. பக்கத்தோட வேணும்.”

இந்தத் தடவை அவள் கும்பிடவில்லை. எனக்குச் சுருக்கென்றது; அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி கம்பளிக்குள் புகுந்தேன். செல்வி வரலாறே எடுத்தாள், நன்றாகத் தேறவும் செய்தாள்.

இப்போது புத்தகங்களைக் கணினி வாசிக்கிறது. நான் வாசித்த பதிவுகள் எங்கே போயினவோ தெரியவில்லை. கேட்ட புத்தகம் கொஞ்சம் பிந்தினால், பார்வையற்ற பிள்ளைகள் என் மேசையைத் தட்டிச் சண்டைக்கு வருகிறார்கள். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டு, அன்றைக்கே முடித்துக் கொடுக்கிறேன். எங்கள் நூலகத்தில் யாரும் கெஞ்சிக் கேட்டு வெகுநாளாகிறது. இனிக் கெஞ்ச நான் விடவும் மாட்டேன்.