அம்போசெலிக்குப் போன விடுமுறை

ஐயாவைப் பார்க்கப் போயிருக்கவேண்டிய விடுமுறையில் யானை பார்க்கப் போனவன் நான். இதை முதலே ஒப்புக்கொள்வது நல்லது; போன கிழமை நிலவறையைத் துப்புரவாக்கும்போது அகப்பட்ட தொப்பி எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். காக்கி நிறம், சுற்றிவரச் சிறுத்தைப் புள்ளி போட்ட பட்டி. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரக் கடையொன்றில் வாங்கி, வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு ரயிலேறியிருக்கிறேன். இத்தனை வருடமாகியும் அதில் நுளம்பு மருந்து மணக்கிறது.

அந்த மணம் நேரே இரண்டாயிரத்து நாலுக்குத்தான் கொண்டுபோகும். இலங்கையில் சமாதான காலம். ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்த தமிழர்கள் யாழ்ப்பாணம் போய்ப் போய் வந்தார்கள். என்னிடம் இருந்தது அகதிகளுக்கான நீலப் புத்தகம். உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர. குடியுரிமைக்குக் கொடுத்த அன்ராக், அதுதான் விண்ணப்பம், ஏதோ ஒரு பேப்பர் குறைகிறதென்று எந்த மேசையிலோ படுத்துக்கிடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐயா, என் தகப்பனார், தொலைபேசியில் கேட்டார். "நான் திருச்சிக்கு வாறன். நீயும் வா. ஒரு லொட்ஜில பத்து நாள் நிண்டு கதைச்சிட்டுப் போவம்."

எங்கள் சனம் பெற்றோரை அப்படித்தான் அப்போது சந்தித்தது. எனக்கோ அது கௌரவக் குறைச்சல். "பாஸ்போட் வரட்டும் ஐயா. வீட்டுப் படலையிலேயே வந்து இறங்கிறன்."

"ஓம், ஓம்" என்றார். தொலைபேசி அட்டை முடிந்து லைன் அறுந்தது.

தொழிற்சாலையில் மேலாளர் மார்ச்சுக்குள் பழைய லீவை எடுத்து முடிக்கச் சொன்னார். "இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. மாமாவைத் திருச்சிக்கு வரச்சொல்லுங்கோ" என்றாள் மனைவி. நான் போய்க் கென்யாவுக்கு ஒன்பது நாள் சபாரி பதிந்துவிட்டு வந்தேன். பயண முகவரின் கண்ணாடிக்குள்ளிருந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி என்னைப் பார்த்தது, வேறு காரணம் இல்லை. திருச்சி லொட்ஜ் வேண்டாமென்றவனைக் கொண்டுபோய் இறக்கிய இடத்தின் பெயரும் லொட்ஜ்தான். யன்னலில் குரங்கு இருந்ததுதான் வித்தியாசம்.

அம்போசெலி தேசியப் பூங்காவில் கூரை திறந்த வான். கூட வந்த ஜெர்மன்காரர்களின் கமராக்கள் கூரைப் பீலிக்குழாய் நீளம். இலங்கை ஆள் என்றதும், யானையோடு வளர்ந்தவனாக்கும் என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள். காட்டு யானையை நான் முதன்முதலாகக் கண்டதே அந்த வானில் நின்றுதான். யோசனையோடு தலையாட்டிவைத்தேன். எனது முப்பத்தாறு படங்களில் இருபது யானைகளின் பின்பக்கம்.

தான்சானியாப் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கூட்டம் சதுப்பு நிலத்துக்கு வந்தது. எல்லை கடந்து வருகிறதுகள் என்றார் சாரதி. எந்த அகதிக்கும் வரக்கூடிய யோசனை எனக்கும் வந்தது. வெட்கமில்லாமல் பக்கத்தில் நின்ற மனைவியிடம் சொன்னேன். "பாத்தியோ, அதுகளுக்கு விசாவும் இல்லை, அன்ராக்கும் இல்லை."

"அதுகளுக்கு உங்களை மாதிரிக் கௌரவமும் இல்லையப்பா. தண்ணி எங்க கிடக்கோ அங்க சந்திக்குதுகள்."

ஐயாவிடம் இதை மறைக்கத்தான் நினைத்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள். "ஆனை கண்டனியோ?" என்று மட்டும் கேட்டார். ஜூலையில் செத்துப்போனார். கடவுச்சீட்டு ஒக்டோபரில் வந்தது. சொன்னபடியே படலையில் போய் இறங்கினேன்.

இரண்டு வருடத்தில் அந்தச் சமாதானமும் முடிந்து, யாழ்ப்பாணப் பாதையும் பூட்டுப்பட்டது. பிறகு ஷெல் விழுந்து வீடும் போயிற்று. ஹம்மில் அந்தப் பயண முகவர் இருந்த இடத்தில் இப்போது நகம் பூசுகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோகிற தொலைபேசி அட்டையை என் மகளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

நான் போய் இறங்கிய அன்று படலையில் பக்கத்து வீட்டு மணியக்கா, வீட்டுத் திறப்போடு ஒரு கடித உறையும் தந்தார். உள்ளே ஐயாவின் பாஸ்போட். திகதியைப் பார்த்தால், என்னிடம் கேட்பதற்கு முதலே கொழும்புக்குப் பஸ்ஸில் போய் வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். ஒரு முத்திரையும் இல்லை. வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு நின்றேன். மணியக்கா எட்டிப் பார்த்து, ஆறுதலாகத்தான் சொன்னார்:

"இன்னும் ஒன்பது வருசத்துக்குப் பாவிக்கலாம், தம்பி."